பொம்மையின் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் என் கடை வாசலில் ஒரு மர மேசையை இழுத்துப் போடுவேன். மேசைமேல் சாக்கு விரிப்பு. அதன்மேல் நாலைந்து ஸ்க்ரூ டிரைவர், ஒரு மூக்குக் குறடு, சால்டரிங் கம்பி, உப்புத்தாள், தையல் மெஷின் எண்ணெய். ஓரத்தில் ஒரு கூடை நிறைய, தறிக்கு நூல் சுற்றும் தார்க்குச்சியும் பட்டு நூல் கழிவும். ‘பழைய பொம்மை பழுது பார்த்துத் தரப்படும்’ என்று எழுதிய அட்டை மேசைக் காலில் தொங்கும். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு கடை அடைக்கும் வரை மேசை அங்கேதான். களம்பூரில் 1986-இல் கடை போட்டேன். மூன்றாம் ஆண்டிலிருந்து ஒரு டிசம்பர்கூடத் தவறாமல் மேசையும் போடுகிறேன்.

“புதுசு விக்கிற நேரத்துல பழசைச் சரிபண்ணிக் குடுத்தா யாவாரம் எப்படிங்க ஓடும்?” என்று மொத்த வியாபாரிகள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பொம்மை வியாபாரத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் விற்ற நாளில் கற்றதல்ல, விற்றது உடைந்து திரும்பி வந்த நாளில் கற்றது. எந்தப் பொம்மையைப் பிள்ளை கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கியது, எது இரண்டாம் நாளே பரணுக்குப் போனது என்பதைப் பெட்டி சொல்லாது. உடைந்த பொம்மை சொல்லிவிடும்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸும் உண்டு, தறியும் உண்டு. அப்பா கூலிக்குப் பட்டுச் சேலை நெய்தவர். களம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அரிசி மில்லும் பொன்னி அரிசியும் நினைவுக்கு வரும். ரயிலில் வருபவர்களுக்கு ‘ஆரணி ரோடு’ என்ற பெயர்ப்பலகை. எனக்குக் களம்பூர் என்றால் எங்கள் வீட்டுக் குழித்தறியின் சத்தம். ஐப்பசி கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். மிதிபலகையில் கால் வைக்க முடியாது. ஒரு வாரம், பத்து நாள் நெசவு நிற்கும், கூலியும் நிற்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை முகூர்த்தத்துக்கான சேலையை நெய்து கொடுத்தால்தான் அடுத்த காசு. ஆக, ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற நேரம்தான் எங்கள் வீட்டில் கை மிகவும் வறண்ட நேரம்.

கிறிஸ்துமஸ் பரிசு என்று இன்று எல்லாரும் பேசுவதுபோல் அன்று யாரும் பேசவில்லை. புதுத்துணிதான் பரிசு. முறுக்கும் அதிரசமும் செய்து தட்டில் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவது அம்மாவின் வேலை, கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பொம்மை என்பது அதற்கும் மேலே கிடைக்கிற கூடுதல். பெரும்பாலான ஆண்டுகளில் கிடைக்காது. பாட்டி மட்டும் தன் காலத்துக் கதை ஒன்று சொல்வார். அமெரிக்கன் ஆற்காடு மிஷன் 1853-இல் ஸ்கட்டர் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால நிலையங்களில் ஆரணியும் ஒன்று. பாட்டி படித்தது மிஷன் பள்ளியில். ஒரு கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்களாம். பாட்டிக்குக் கிடைத்தது ஒரு துணிப் பொம்மை. அதன் மஞ்சள் முடி பிடிக்காமல், தறியில் மிஞ்சிய கறுப்புப் பட்டு நூலால் வேறு முடி தைத்துக்கொண்டாராம். பொம்மையை நான் பார்த்ததில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

எங்கள் விளையாட்டுப் பொருளெல்லாம் தறியிலிருந்து வந்தது. தார் சுற்றித் தேய்ந்துபோன தார்க்குச்சி வண்டிக்கு அச்சாணி ஆகும். தறியில் குறுக்கே ஓடித் தேய்ந்த நாடா கப்பல் ஆகும். டிசைன் மாறியதும் கழித்துப் போடும் ஜக்கார்டு அட்டைக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். அட்டை முழுக்க வரிசை வரிசையாகப் பொத்தல். மூங்கில் சிம்பில் நட்சத்திரம் கட்டி, காகிதத்துக்குப் பதிலாக அந்த அட்டைகளை ஒட்டி, உள்ளே ஒரு விளக்கை வைத்துத் திண்ணையில் தொங்கவிடுவார் அப்பா. சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழும். காற்றடித்து நட்சத்திரம் சுற்றினால் பொட்டுகளும் சுற்றும். கேரல் பாட வருகிற பையன்கள் பாட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கடையில் வாங்கிய என் முதல் பொம்மை 1972 கிறிஸ்துமஸுக்கு வந்தது. ஆரணி பஜாரில் அப்பா வாங்கிவந்த தகரப் படகு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், சிவப்பும் பச்சையும் பூசியது. அடியில் இரண்டு மெல்லிய குழாய். உள்ளே காசு அகலத்தில் ஒரு தகரக் கொப்பரை. குழாயில் தண்ணீர் நிரப்பி, கொப்பரைக்குக் கீழே சின்னத் திரி ஒன்றைக் கொளுத்தி வைத்தால் படகு ‘டபடபடப’ என்று சத்தமிட்டுக்கொண்டு அண்டாவைச் சுற்றி வரும். கொப்பரைத் தண்ணீர் கொதித்து ஆவியாகிக் குழாய் நீரை வெளியே தள்ளுகிறது. ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் மறுபடி உள்ளே ஏறுகிறது. அந்த இழுபறியில் மேல் தகடு உள்ளும் புறமும் அடித்துக்கொள்வதுதான் சத்தம். தாமஸ் பியோ என்பவர் 1891-இல் இங்கிலாந்தில் இந்த மாதிரிப் படகுக்குக் காப்புரிமை வாங்கினார் என்பதெல்லாம் கடை வைத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு அது அப்பா கொண்டுவந்த உயிருள்ள ஒன்று.

பத்தாம் நாள் கொப்பரை ஒழுகியது. படகு நகரவில்லை. நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மா, “போவட்டும் விடு, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். அப்பா தறியிலிருந்து எழுந்து வரவில்லை. அறுந்த இழை ஒன்றைப் பிணைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு திரி திரித்தார். முடிச்சே தெரியாமல் இழை ஒன்றானது. பிறகு நிமிர்ந்து, “பாவுல ஆயிரக்கணக்குல இழை ஓடுது. தெனம் பத்து அறுது. அதுக்காகத் தறியைத் தூக்கி வெளிய போட்டுடறேனா?” என்று கேட்டார். மறுநாள் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரிடம் என்னை அழைத்துப் போனார். அவர் கொப்பரையின் விளிம்பில் ஒரு சொட்டு ஈயத்தை வைத்துக் கொடுத்தார். படகு ஓடியது. ஆனால் சத்தம் மாறியிருந்தது. ஈயம் ஏறிய தகடு ‘டொக்... டொக்...’ என்று கனத்துப் பேசியது. பழைய குரலைவிட அந்தக் குரல்தான் எனக்குப் பிடித்தது. அது ஊரில் என் படகுக்கு மட்டுமே இருந்த குரல்.

தறி என் கைக்கு வரவில்லை. இருபத்திரண்டு வயதில் கடை போட்டேன். கடை மட்டும் சோறு போடாது என்பதால் திருவிழாவுக்குத் திருவிழா கூடாரம் போடுவேன். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயில், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை, பிப்ரவரியில் சேத்துப்பட்டு லூர்து மாதா திருவிழா. தீபம் முடிந்து மூட்டையை அவிழ்ப்பதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

திருவிழாக் கடைக்கும் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசத்தை முதலிரண்டு ஆண்டுகளிலேயே கண்டுகொண்டேன். திருவிழாவில் பிள்ளைதான் வாடிக்கையாளர். தோளில் உட்கார்ந்து கை நீட்டும், அழும், தரையில் புரளும், வேண்டியதை வாங்கிக்கொண்டு போகும். கிறிஸ்துமஸ் பொம்மையை வாங்க வருகிறவர் பிள்ளையை அழைத்து வரமாட்டார். வேலை முடிந்து இருட்டினபின் தனியாக வருவார். “ஏழு வயசுப் பையன், என்ன குடுக்கலாம் அண்ணா?” என்று மெதுவாகக் கேட்பார். அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியவன் நான். பார்க்காத ஒரு பிள்ளைக்கு நான் எடுத்துக்கொடுக்கிற பொம்மை விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும் அதன் கையில் இருக்கும். அந்தப் பொறுப்பு என்னைப் பயப்படுத்தியது. பொம்மைகளை வாங்கி அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்க்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது.

சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போவேன். ஆரணியில் பஸ் ஏறினால் அன்றெல்லாம் பாரிமுனையிலேயே இறங்கலாம். ஈவ்னிங் பஜார், நாராயண முதலி தெரு என்று சுற்றி, இரண்டு மூட்டை கட்டி, பஸ் கூரையில் ஏற்றி இரவே திரும்பிவிடுவேன். 2002-இல் வெளியூர்ப் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்குப் போன பிறகு மூட்டைக்கு ஆட்டோ செலவும் சேர்ந்தது.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் பாதிச் சரக்கு தகரம்தான். சாவி கொடுத்தால் தத்தும் தவளை, மத்தளம் கொட்டும் குரங்கு, சுற்றிச் சுற்றி ஓடும் ரயில். தகரப் பொம்மையின் இரண்டு பாதிகளையும் சின்னச் சின்னக் காதுகள் சேர்த்துப் பிடித்திருக்கும். ஒரு பாதியின் காதை மறு பாதியின் பொத்தலில் நுழைத்து மடக்கியிருப்பார்கள். கத்தி நுனியால் காதை நிமிர்த்தினால் பொம்மை திறந்துகொள்ளும். ஒரு காது இரண்டு மூன்று தடவை மடக்க வளையும்; அதற்கு மேல் ஒடிந்துவிடும். ஆகவே ஒரு தகரப் பொம்மைக்கு என் மேசையில் மூன்று ஆயுள் உண்டு என்று கணக்கு வைத்திருந்தேன். திறந்தால் உள்பக்கம் வேறொரு உலகம்: பிஸ்கட் டின், எண்ணெய் டின் வெட்டிய தகரத்தில் செய்திருப்பார்கள், எழுத்துகள் தலைகீழாக அப்படியே இருக்கும். குரங்கின் முதுகுக்குள் எண்ணெய் விளம்பரம் இருப்பதை ஒரு பையனுக்குக் காட்டினேன். அடுத்த ஒரு மாதம் தெருவில் இருந்த எல்லாத் தகரப் பொம்மையும் ‘பழுதாகி’ என் கடைக்கு வந்தது.

பிறகு பிளாஸ்டிக்கும் பேட்டரியும். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1987-இல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. இன்று நம் பக்கத்து ராணிப்பேட்டையிலேயே அதற்கு ஆலை இருக்கிறது. பெரிய கம்பெனிச் சரக்கு எங்கள் ஊருக்குக் கொஞ்சம்தான் வந்தது. டெல்லி, மும்பைப் பட்டறைகளின் மலிவுச் சரக்குதான் அதிகம். ஆனாலும் அந்தக் காலத்துப் பேட்டரி கார் நல்ல பொம்மை. நாலு ஸ்க்ரூ கழற்றினால் உள்ளே ஒரு மோட்டார், மூன்று பல்சக்கரம், இரண்டு பித்தளைத் தகடு, இரண்டு ஒயர். பத்தில் எட்டு பழுது பித்தளைத் தகட்டில் ஏறிய பச்சைக் களிம்புதான். உப்புத்தாளில் தேய்த்து, எலுமிச்சைச் சாற்றால் துடைத்தால் கார் சீறிக்கொண்டு ஓடும். பல்சக்கர அச்சு ஒடிந்தால் தார்க்குச்சியைச் சீவி நுழைப்பேன். பட்டுத்தறியில் சுழன்ற குச்சி காருக்குள்ளும் சுழலும்.

2001 ஏப்ரலில் இறக்குமதி மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை மத்திய அரசு முழுமையாக நீக்கியது. அடுத்த இரண்டு மூன்று டிசம்பர்களிலேயே பாரிமுனைக் கடைகளின் முகம் மாறிவிட்டது. பேசும் பொம்மை, பாடும் போன், கண் சிமிட்டும் நாய். விலையோ நம்ப முடியாத மலிவு. நானும் மகிழ்ந்துதான் வாங்கினேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு மொத்தக் கடை ஒன்றில் பேசும் பொம்மைகள் ஒரு மூட்டை எடுத்தேன். இருபத்திரண்டாம் தேதிக்குள் விற்றுத் தீர்ந்தது. இருபத்தாறாம் தேதி காலையில் கடை திறக்கும்போது வாசலில் ஏழு பிள்ளைகள். மூட்டையில் பாதி ஊமையாகியிருந்தது.

முதல் பொம்மையைத் திறந்தேன். விரல் நகம் அளவுப் பச்சைப் பலகை. அதன் நடுவில் கறுப்பாக, புளியங்கொட்டை போல ஒரு பிசின் சொட்டு. பொம்மையின் பேச்செல்லாம் அந்தச் சொட்டுக்குள் இருக்கும் சில்லில்தான். சொட்டை உடைத்தால் சில்லும் போய்விடும். ஸ்க்ரூ இல்லை, காது இல்லை, அறுந்த ஒயர் இல்லை. பழுது எங்கே என்று என்னால் பிள்ளைக்கு விரல் வைத்துக் காட்டக்கூட முடியவில்லை. ஏழு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் போனதைவிட, “ஏன் மாமா பேச மாட்டேங்குது?” என்று கேட்ட பிள்ளைக்குச் சொல்லப் பதில் இல்லாமல் போனதுதான் வலித்தது. அன்றுவரை எந்தப் பிள்ளை கேட்டாலும் திறந்து காட்டி, “இதோ பார், இங்க வுட்டுப் போச்சு” என்று சொல்லியிருக்கிறேன்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். தகர விளிம்பு அறுத்த விரல்களுக்கு நானே மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். அன்றைய பெயின்ட்டில் ஈயம் இருந்தது. அதைப் பிள்ளைகள் வாயில் வைத்தார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று வந்தபோது, முத்திரையில்லாத சரக்கை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். நட்டம்தான், ஆனாலும் சரியான சட்டம். அதற்கு முந்திய ஆண்டு இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியதால் நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் மூச்சு வந்தது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அந்த முத்திரைக் கட்டாயத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். நல்ல காரியம். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ வைத்திருப்பதைப் பார்த்து, “இது எதுக்கு இம்சை?” என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். அந்த ஸ்க்ரூ உங்கள் பிள்ளைக்குக் காவல்.

நான் கேட்பது வேறு. பாதுகாப்பான பொம்மையும் திறக்கக்கூடியதாக இருக்க முடியும். பொம்மை திறந்தால்தான் பிள்ளைக்கு உள்ளே போக வழி உண்டு. என் கடைக்கு வருகிறவர்கள் பெட்டியின் படத்தைப் பார்ப்பார்கள், பொம்மையின் முகத்தைப் பார்ப்பார்கள், பட்டனை அழுத்திச் சத்தத்தைக் கேட்பார்கள். நான் கையிலிருந்து வாங்கித் திருப்பிக் காட்டுவேன். “வயித்தைப் பாருங்க. ஸ்க்ரூ இருக்கா, தையல் இருக்கா, இல்ல ஒட்டி மூடிட்டானா?” ஸ்க்ரூவோ தையலோ இருந்தால் அது உடைந்த பிறகும் பொம்மை. ஒட்டி மூடியது உடைந்தால் குப்பை. அதே விலையில் இரண்டும் கிடைக்கும்போது எதை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்வேன்: வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடியவில்லை. முதல் தடவை உடையும்போது பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். என் அப்பாவிடம் அந்த வருடம் எனக்குக் கொடுக்க ஒரு படகு வாங்குகிற காசுதான் இருந்தது. ஆனால் ஈயம் பூசுகிறவரிடம் கூட்டிப் போன அந்தக் காலை நேரம்தான் எனக்குக் கிடைத்த பெரிய கிறிஸ்துமஸ் பரிசு. அதை வைத்து 38 ஆண்டு தொழில் செய்துவிட்டேன்.

போன ஆண்டுக்கு முந்திய டிசம்பரில் ஒரு சிறுமி ஊமைக் கரடி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆறு வயதிருக்கும். “தாத்தா, இது முன்னாடி பாடும்” என்றாள். என்னை அண்ணா என்று கூப்பிட்டவர்களின் பிள்ளைகள் மாமா என்றார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு நான் தாத்தா. முதுகுத் தையலைப் பிரித்தேன். பச்சைப் பலகை, கறுப்புச் சொட்டு. எடுத்து அவள் கையில் வைத்து, “இதுதான் பாடினது. இது செத்துப் போச்சு. இதை என்னால சரிபண்ண முடியாது” என்று உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு சின்ன டப்பாவில் புளியங்கொட்டை போட்டு, மூடியை ஒட்டி இறுக்கி, பேட்டரியையும் பலகையையும் எடுத்துவிட்ட இடத்தில் வைத்து, பட்டு நூல் கழிவைப் பஞ்சாக அடைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் காதோரம் வைத்து ஆட்டிக் கேட்டாள். ‘கலகல’ என்றது. “சிரிக்குது” என்றாள்.

போன டிசம்பரில் மறுபடியும் வந்தாள். கரடியின் முதுகு பிரிந்திருந்தது. கிழிந்துவிட்டதா என்று பார்த்தேன். இல்லை, ஒவ்வொரு தையலாக, துணி கிழியாமல் கத்தரித்திருந்தாள். உள்ளே புளியங்கொட்டை டப்பா இல்லை. கையில் வேறொரு டப்பா வைத்திருந்தாள். அம்மாவின் பழைய கொலுசு மணிகள் அதில். மூடியைச் சுற்றி நாலு சுற்று டேப்.

“உள்ள எல்லாம் நான் பண்ணிட்டேன் தாத்தா. நீங்க தைச்சா மட்டும் போதும்.”

ஊசியை எடுத்து, கூடையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டு இழையை உருவினேன். பிறகு ஊசியை அவளிடமே கொடுத்து, முதல் தையல் எங்கே குத்துவது என்று காட்டினேன்.